சீட்டு எண் 412: ஆற்றுக்கடியில் கற்கள்

அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அது பட்டம்போல ஆகிவிட்டது. பின்னால் வந்து சேர்ந்தவர்கள் 'கண்ணாடி அக்கா' என்று மரியாதையாகச் சுருக்கிக்கொண்டார்கள்.

வீடியோ கேம் கன்சோல்களும் அவற்றில் ஓடும் ஆட்டங்களும் செய்கிற கம்பெனி அது. விற்பனைக்குப் போகுமுன் ஆட்டங்களை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. கேட்கிறவர்கள் எல்லாரும் "கொடுத்து வச்சவ" என்பார்கள். ஒரே கதவை நானூறு முறை திறந்து மூடி, நானூற்றோராவது முறை அது சுவருக்குள் போய்ச் செருகிக்கொள்கிறதா என்று பார்ப்பது விளையாட்டு என்றால், அவள் கொடுத்து வைத்தவள்தான்.

குறை கண்டால் சீட்டு எழுத வேண்டும். ஆரம்பத்தில் அது மஞ்சள் காகிதச் சீட்டு. பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோதும் பெயர் சீட்டாகவே நின்றுவிட்டது. 'இது குறையில்லை' என்று ஆட்டத்தைச் செய்தவர் நிரூபித்துவிட்டால் சீட்டு தள்ளுபடி. யார் யாருக்கு எத்தனை தள்ளுபடி என்று டெஸ்டர்கள் அறைக்கு வெளியே ஒரு பலகை சொல்லும். எண்களைத் தகரத்தில் வெட்டி ஆணியில் மாட்டியிருப்பார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு முப்பத்தொன்று. போன வருடம் சேர்ந்தவளுக்கே ஏழு. பூதக்கண்ணாடிக்குப் பூஜ்யம். இருபத்தாறு வருடமாக அதே தகரப் பூஜ்யம். மற்ற எண்களில் பெயிண்ட் அப்படியே இருக்க, பூஜ்யத்தில் மட்டும் துடைத்துத் துடைத்துப் பெயிண்ட் போய்விட்டிருந்தது. துடைத்தது அவள்தான். யாரும் பார்க்காதபோது.

கம்பெனி அதுவரை மூன்று தலைமுறைக் கன்சோல்களை வெளியிட்டிருந்தது. கடைகளில் அவற்றுக்கு ஆடம்பரமான பெயர்கள் உண்டு. கட்டிடத்துக்குள் சாம்பல் பெட்டி, கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். நான்காவதாக நீலப் பெட்டி வரப்போகிறது. அதோடு பழைய மூன்று பெட்டிகளின் ஆட்டங்களில் நாற்பதைப் பொறுக்கி ஒரே தொகுப்பாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும். சாம்பல் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் கையால் தொட்டவர் என்று அந்தக் கட்டிடத்தில் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்தி. பட்டியல் அவள் தலையில் விழுந்தது.

ஆட்டங்களை அங்கே இரண்டு ஜாதியாகப் பிரிப்பார்கள். ஒன்று நேர். மற்றது கோணல்.

நேர் ஆட்டம் என்றால் ஓட்டக்காரன். இடமிருந்து வலமாக ஓடுவான், குழியைத் தாண்டுவான், மேலேயிருந்து விழுவதற்கு விலகுவான். சாம்பல் பெட்டியில் அவன் முகம் எட்டுப் புள்ளி. கறுப்புப் பெட்டியில் நிழல் முளைத்தது. வெள்ளைப் பெட்டியில் தலைமுடி காற்றில் ஆடியது. நீலப் பெட்டியில் வியர்க்கிறது. ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான். பழைய ஆட்டம் தெரிந்தவன் புதியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. தெரிந்த தெருவில் நடக்கிற நிம்மதி அது. அதைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

கோணல் ஆட்டங்கள் வேறு மாதிரி. கறுப்புப் பெட்டியில் ஒன்று வந்தது, திரை முழுக்க இருட்டு. தொலைந்துபோன மாட்டைக் கழுத்து மணிச் சத்தத்தை வைத்தே தேட வேண்டும். வெள்ளைப் பெட்டியில் ஒன்று, கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரை நிறைகுடம்போலச் சாய்க்காமல் ஏந்திக்கொண்டு அறைக்குள் நிஜமாகவே நடக்க வேண்டும். நாலு பேர் வாங்குவார்கள். அதில் இரண்டு பேர் திருப்பிக் கொடுப்பார்கள்.

பட்டியலை எழுத எழுத அவளுக்கு ஒன்று பிடிபட்டது. வெள்ளைப் பெட்டியில் ஓட்டக்காரன் ஒரு குகைக்குள் போகிறான், அங்கே வழியை மணிச் சத்தம் காட்டுகிறது. பாராட்டாத ஆளில்லை. அந்த மணி எங்கிருந்து வந்தது? விற்காத மாட்டின் கழுத்திலிருந்து. நீலப் பெட்டியில் அவன் கையில் விளக்கேந்தி எண்ணெய் சிந்தாமல் நடக்கிறான். அது அந்தக் குடம். கோணல் ஆட்டம் இடிந்து விழும். நேர் ஆட்டம் வந்து நல்ல செங்கலாகப் பார்த்து உருவிக்கொண்டு போகும். நேருக்கும் கோணலுக்கும் ஆகாது என்று சாப்பாட்டு அறையில் சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு கோணல் ஆட்டத்துக்கும் எதிரே, 'இதிலிருந்து எடுக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் போட்டாள். பதினொரு கட்டமும் நிறைந்தன. பன்னிரண்டாவது மட்டும் காலி. சாம்பல் பெட்டியின் முதல் கோணல் ஆட்டம், 'அக்கரை'. அதிலிருந்து யாரும் ஒரு செங்கல்லையும் எடுக்கவில்லை.

அதில் வியப்பில்லை என்று அப்போது நினைத்தாள். 'அக்கரை'யில் ஒரு வழிப்போக்கன் ஆற்றங்கரையில் நிற்கிறான். கலங்கிய ஆறு. சற்றுத் தள்ளி ஒரு பாலம். பாலத்தில் ஏறி அக்கரை போக வேண்டும். பன்னிரண்டு ஆறு, பன்னிரண்டு பாலம். எட்டு வயதுக் குழந்தைக்கே கொட்டாவி வரும். இதை ஏன் கோணல் வரிசையில் வைத்தார்கள் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நீலப் பெட்டியில் 'அக்கரை' ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். முதல் ஆறு. மூக்குக்கண்ணாடியில் தூசி. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது ஆறு தெளிந்திருந்தது. அடியில் வரிசை தப்பிய கற்கள், வெளுத்து, ஒவ்வொன்றும் ஒரு காலடி அகலம். எண்ணினாள். பதினான்கு.

பொத்தானைத் தொட்டதும் நீர் கலங்கியது. கற்கள் மறைந்தன.

குறை! அவளுக்குள் அந்தப் பழைய குதூகலம் துள்ளியது. மளமளவென்று சீட்டு எழுதிச் சேர்த்தாள். கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. 'இதே குறை முன்பே பதிவாகியுள்ளது. சீட்டு எண் 412. எழுதியவர்: நீங்கள்.'

திறந்தாள். மஞ்சள் காகிதத்தின் படம்; எழுதியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இருபத்துமூன்று வயதில் அவளுக்கு இருந்த குண்டு குண்டான கையெழுத்து.

'பொத்தான் எதையும் அழுத்தாமல் எட்டு நொடி இருந்தால் தண்ணீர் மறைந்து, ஆற்றுக்கடியில் கற்கள் தெரிகின்றன. காட்சிக் குறை. கடுமையானது.'

கீழே வேறொருவரின் பென்சில் எழுத்து. 'இது குறையில்லை. இதுதான் ஆட்டம்.'

அதற்கும் கீழே அந்தக் கால மேலாளரின் முத்திரை. 'விளக்கம் போதாது. குறை ஏற்கப்பட்டது. நீரைக் கலங்கலாகவே வைக்கவும். கடக்க ஒரு பாலம் போடவும்.'

ஏற்கப்பட்ட சீட்டுகள் அப்போதெல்லாம் வேறு மாடிக்குப் போய்விடும். அந்தப் பென்சில் வரியை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டாள். பாலத்தின் பக்கம் போகவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. டெஸ்டருக்கு முதல் பாடமே கை நிற்கக் கூடாது என்பதுதான். அழுத்து, அழுத்து, எங்கே உடைகிறது என்று பார். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நொடி. பதினான்கு கற்கள். மனப்பாடம் செய்துகொண்டு அடியெடுத்து வைத்தாள். முதல் அடியிலேயே ஆறு கலங்கிவிட்டது. நினைவை வைத்துத்தான் போக வேண்டும். ஏழாவது கல் மறந்துபோயிற்று. நடு ஆற்றில் நின்றாள். கையை எடுத்தாள். ஆறு மெல்லத் தெளிந்து, காலடியில் மறுபடியும் வழியைக் காட்டியது.

கலங்கலை மேலே பூசினார்களே தவிர, அடியில் இருந்த கற்களை எடுக்க அன்றைக்கு யாருக்கும் நேரமிருந்திருக்காது. நீலப் பெட்டி அந்தப் பூச்சை மட்டும் காட்டாமல் விட்டுவிட்டது. மதியம்வரை மூன்று ஆறு கடந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது அவள் காதில் விழவில்லை. நல்ல ஆட்டம் என்று அவள் எளிதில் சொல்லமாட்டாள். அன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, காலியாக இருந்த பன்னிரண்டாவது கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் எடுக்காததற்குக் காரணம், எடுக்க முடியாதபடி அவளே மூடிவிட்டது.

மேலாளருக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. கூட்டத்தில் அவள் அவரை 'சார்' என்பாள், நடையில் 'தம்பி' என்பாள்.

"தம்பி, அக்கரை தொகுப்புல வரணும். பாலம் இல்லாம."

"அக்கா, அதை நான் வெள்ளிக்கிழமை லிஸ்ட்லேருந்து தூக்கப்போறேன். ஓட்டக்காரன் மூணாவது பாகத்துக்கு இடம் வேணும்."

"நான் எழுதின சீட்டு தப்பு."

மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "நீங்களா? தப்பா? காய்ச்சலா அக்கா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"புரியுது. ஆனா ஆடறவன் கைய எடுக்க மாட்டானே. ஹேங் ஆயிடுச்சுன்னு கடைக்குப் போய் சண்டை போடுவான். வேணும்னா திரையில 'கையை எடுக்கவும்'னு ஒரு வரி போட்டுடலாம்."

"செஞ்சவரக் கேட்டுட்டுச் சொல்றேன்."

செய்தவருக்கும் பெயர் கோணல். உடம்பில் ஒரு கோணலும் இல்லை. செய்த ஆட்டங்களால் வந்த பெயர். 'அக்கரை' வெளியான மாதமே வேலையை விட்டுவிட்டார். அந்த வேலையை ஒருவர் முகத்தில் விட்டெறிந்ததாக ஒரு கதை உண்டு. யார் முகத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இப்போது அவர் லிப்ட் மெக்கானிக் என்று பழைய சகா ஒருவர் சொல்லி எண் கொடுத்தார்.

"யாரு?" பின்னால் இரும்புக் கதவு இழுபடும் சத்தம்.

"நான் கேம் கம்பெனியிலேருந்து பேசறேன் சார். டெஸ்டர். அப்பவே என்னப் பூதக்கண்ணாடின்னு..."

இரும்புச் சத்தம் நின்றது. "நானூத்திப் பன்னெண்டு," என்றார்.

"திட்டணும்னா திட்டிடுங்க சார். நான் உங்க பென்சில் எழுத்த இன்னிக்குத்தான் பாத்தேன்."

"எதுக்கும்மா திட்டணும்? அந்தக் கல்லப் பாத்த ஒரே ஆளு நீங்க. பதினாறு பேரு சோதிச்சாங்க. ஒருத்தனும் கைய எடுக்கல. நீங்க ஒருத்திதான் எடுத்தீங்க."

"கண்ணாடி துடைக்க எடுத்தேன் சார்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு லிப்ட் கூண்டுக்குள் எதிரொலித்தது. "அதுவும் சரிதான்!"

"ஜனங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க சார்? அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்ல. பொறுமைய நம்பி ஒரு ஆட்டம் பண்ண முடியுமா? நான் நம்பினது கோபத்த. அழுத்தி அழுத்திப் பாப்பான். ஒண்ணும் நடக்காது. சீ போன்னு கீழ வைப்பான். வெச்சவன் உடனே எழுந்து போகமாட்டான். கொஞ்ச நேரம் உக்காந்து முறைப்பான். முறைக்கிற நேரத்த ஆளாளுக்கு அளந்து பாத்தேன். எட்டு செகண்ட்."

அவள் எழுதிக்கொண்டாள்.

"எங்க மேலாளர் 'கையை எடுக்கவும்'னு எழுதலாமான்னு கேக்கறாரு."

"எழுதினா அது ஆட்டம் இல்ல, ஆஸ்பத்திரி போர்டு. இங்க பாருங்க, நான் தினமும் பாக்கறேன். லிப்ட் பட்டன ஒரு தடவ அழுத்தினாப் போதும். ஆளு பத்துத் தடவ அழுத்தறான். 'ஒருமுறை அழுத்தவும்'னு நானே எழுதி ஒட்டினேன். அதைப் படிச்சுக்கிட்டே அழுத்தறான்."

மேலாளர் இரண்டு நிபந்தனை வைத்தார். சட்டப்படி வைத்தார், அதில் குற்றம் காண முடியாது. முதலாவது, ஏற்கப்பட்ட சீட்டை எழுதியவர் மட்டுமே திரும்பப் பெறலாம். பெற்றால் அது தள்ளுபடிக் கணக்கில் ஏறும். பெற்ற பிறகே பாலத்தை எடுக்க முடியும். இரண்டாவது, புதன்கிழமைச் சோதனை. அந்தக் கம்பெனியில் புதன்தோறும் ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு வெளியாளைக் கூட்டிவந்து பத்து நிமிடம் ஆடவிடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆடுபவர் தானாகக் கண்டுபிடித்தால் ஆட்டம் தொகுப்பில், இல்லையென்றால் இல்லை.

"யாரைக் கூட்டிட்டு வரணும்?"

"உங்க வீட்டுக்காரர். ரேஸ் ஆட்டம் தவிர எதையும் தொடமாட்டார்னு நீங்கதானே சொல்வீங்க. அவருக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி."

செவ்வாய்க்கிழமை காலை அவள் கையெழுத்திட்டாள். கம்பெனி தொடங்கியதிலிருந்து தன் சீட்டைத் தானே திரும்பப் பெற்றவர் ஒருவரும் இல்லை; அதற்கான படிவத்தைத் தேடிப்பிடிக்கவே அரைமணி ஆயிற்று. பிறகு நடைக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, தகரப் பூஜ்யத்தைக் கழற்றினாள். ஒன்றை மாட்டினாள். பக்கத்து மேசைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, முப்பத்தொண்ணுக்கு வர இன்னும் முப்பதுதான் இருக்கு," என்றார். "சீக்கிரம் வந்து சேருங்க, எனக்குப் பேச்சுத் துணை இல்ல."

அவள் இறங்கினாள். பூஜ்யத்தைக் கைப்பைக்குள் போட்டாள். இலேசாகத்தான் இருந்தது, இத்தனை வருடம் அது என்னவோ கனமான பொருள் என்று நினைத்திருந்தாள்.

வீட்டில்தான் பாடு. கணவர் பஸ் டிரைவர். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காத மனிதர். அவரிடம் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லக் கூடாது. ஒன்றைச் சொல்லக் கூடாதென்றால் அவளுக்கு எதையுமே சொல்ல வராது. திங்கள் இரவிலிருந்தே வாயில் கொழுக்கட்டை.

"என்ன, வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப என்மேல ஏதாவது கோபமா? எதுக்குன்னு சொல்லிட்டா நானும் சேந்து கோவிச்சுக்குவேன்."

"புதன்கிழமை மூணு மணிக்கு என் ஆபீசுக்கு வரணும். லீவு போடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "சுத்தமான சட்டை போட்டுக்கணுமா?"

"போட்டுக்கோங்க."

"அப்ப விஷயம் பெரிசுதான்," என்றார்.

புதன் மதியம் மூன்று. ஜன்னலில்லாத சிறிய அறை. ஒரு திரை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. சுவரோரம் மேலாளர், விற்பனைப் பிரிவின் தலைவி, பூதக்கண்ணாடி. விற்பனைத் தலைவி உள்ளே வரும்போதே, "பட்டன் அழுத்தாத ஆட்டத்துக்குக் கன்ட்ரோலர் எதுக்கு? ஒரு செங்கல்லக் குடுத்தா போதாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நின்றார். டிரைவர் வந்ததும் எல்லார் வாயும் மூடிக்கொண்டது. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அவர் கன்ட்ரோலரை ஸ்டியரிங்போல இரண்டு கையாலும் பிடித்தார். திரையில் கலங்கிய ஆறு. கரையில் வழிப்போக்கன். பாலம் இல்லை.

ஒரு பொத்தான். வழிப்போக்கன் நீரில் இறங்கினான், ஆறு புரட்டி அவனைக் கரையில் போட்டது. இன்னொரு பொத்தான். மறுபடி கரை.

"இதுல பிரேக் எது?"

விற்பனைத் தலைவி தன் செருப்பைப் பார்த்தார்.

"ஹாரன்?"

மேலாளர் கூரையைப் பார்த்தார். மூன்று நிமிடம். டிரைவர் எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக, பிறகு தலைகீழாக, பிறகு ஒரே பிடியாக அழுத்திப் பார்த்தார். வழிப்போக்கன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான்.

"இவன் அக்கரை போக வந்தவனா, குளிக்க வந்தவனா?"

விற்பனைத் தலைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆறாவது நிமிடம். அவர் நெற்றியில் வியர்வை. பிடிவாதக்காரர்; நெரிசலில் முக்கால் மணிநேரம் வண்டியை ஊர்ந்து ஓட்டிப் பழகியவர். அந்தப் பிடிவாதம்தான் அவளை இப்போது வாட்டியது. கோபம் வர வேண்டுமே! முப்பது வருட இல்லற வாழ்வில் அவருக்குக் கோபம் வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல்முறை.

எட்டரை நிமிடம். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் கன்ட்ரோலரை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"இந்தாங்க சார், உங்க ஆறும் நீங்களும்." அவள் பக்கம் திரும்பினார். "நீயாவது வாயத் திறக்க மாட்டியா?"

அவள் சுவரைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். அவர் அவளை முறைத்தார். மூன்று. திரையை முறைத்தார். நான்கு. ஐந்தில் அவர் கை மேசையை நோக்கி நீண்டது. மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த கன்ட்ரோலரை, விழுந்துவிடாமல், பொத்தானில் விரல் படாமல், இரண்டங்குலம் உள்ளே தள்ளிவைத்தார். அடுத்தவன் பொருள், உடையக் கூடாது. ஆறு. ஏழு.

"ஏய்," என்றார். "அடியில என்னமோ தெரியுது."

பதினான்கு கற்களும் வெளுத்துக் கிடந்தன.

அவர் கன்ட்ரோலரை மெல்ல எடுத்தார். ஓரடி வைத்தார். நீர் கலங்கியது. "அடச்சே!" அழுத்தப்போன விரல் பாதியில் நின்றது. அந்த விரல் நின்றதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் பொங்கிவிட்டது. அவள் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"நின்னாத் தெரியுது. போனாக் கலங்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி. நின்னு நின்னு போகணும். டவுன் பஸ்."

பத்து நிமிட மணி அடித்தது. மேலாளர் கையை நீட்டினார்.

"இருங்க சார், ஸ்டாப்பிங் வரட்டும்."

பதினான்காவது கல்லிலிருந்து வழிப்போக்கன் அக்கரையில் கால் வைத்தபோது அந்தச் சிறிய அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். யாரோ கீழே விழுந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். விற்பனைத் தலைவி டிரைவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு அவரை எழுப்ப ஆள் போட வேண்டியிருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கணவர், வெளியே வந்து.

"சொல்லியிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க."

"அதுவும் சரிதான்." சற்றுத் தூரம் நடந்தார். "ஆனா பிரேக் எதுன்னு கேட்டேன் பாரு. அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதை எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பட்டியலில் 'அக்கரை' ஏறியது, பாலமில்லாமல், ஒரு வரிக் குறிப்பும் இல்லாமல். அதே மாலை, ஓட்டக்காரன் குழுவில் இருவர் அவள் மேசைக்கு வந்து ஆளுக்கொரு கன்ட்ரோலர் கேட்டார்கள். அடுத்த பாகத்தில் ஓட்டக்காரன் முதல்முறையாக ஓரிடத்தில் ஓடாமல் நிற்கப்போகிறான் என்றார்கள். அவள் பட்டியலைத் திறந்து பன்னிரண்டாவது கட்டத்தை நிரப்பினாள். குறைச்சீட்டுப் படிவத்திலும் அந்த வாரம் ஒரு புதிய கேள்வி சேர்ந்தது. 'கையை எடுத்துப் பார்த்தீர்களா?' லிப்ட் மெக்கானிக்கிடம் சொன்னபோது, "படிச்சுக்கிட்டே அழுத்துவாங்க பாருங்க," என்றார்.

நீலப் பெட்டி வெளியான காலை, பெரிய மண்டபத்தில் நாற்பது திரைகள். ஓட்டக்காரன் வரிசையில் கூச்சல், கைதட்டல். முப்பத்தேழாவது திரைக்குப் பின்னால் கூட்டம் மட்டும் இருந்தது, சத்தம் இல்லை. ஆடி முடித்தவர்கள் போகாமல் நின்று, அடுத்தவர் எப்போது கண்டுபிடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவரும் தெரியாதவருக்குச் சொல்லவில்லை. யாரும் அவர்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவும் இல்லை.

பூதக்கண்ணாடி கூட்டத்தில் நின்றாள். பக்கத்தில் நீலச் சட்டைப்பையில் திருப்புளி செருகிய ஒரு மனிதர். வேலை நேரத்தில் வந்திருந்தார். அவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

திரைமுன் ஒரு பெண் உட்கார்ந்து சடசடவென்று அழுத்திக்கொண்டிருந்தாள். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். பூதக்கண்ணாடியின் கால் தரையில் தாளம் போட்டது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஓரடி முன்னால் வைத்தே விட்டாள்.

மெக்கானிக் அவள் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தார். "எங்க போறீங்க?"

"பாவம் சார், அந்தப் பொண்ணு..."

"மறுபடியும் பாலம் போடப் போறீங்களா?" மெல்லச் சிரித்தார். "நான் இருபத்தாறு வருஷம் சும்மா இருந்தேன். நீங்க எட்டு செகண்ட் இருக்க மாட்டீங்க?"

அவள் நின்றாள். அந்தப் பெண் "சீ!" என்று கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, கைப்பையில் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினாள். குடித்தாள். மூடியைத் திருகிக்கொண்டே திரையை முறைத்தாள்.

கூட்டம் முழுவதும் உதடசைத்து எண்ணியது.